மாத்திரைப் பையைக் கொட்டுங்க, வாத்தியாரே

அப்பாவிடம் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. ஏதோ ஒரு தீபாவளிக்குப் புடவை எடுத்தபோது கொடுத்தது. அவருடைய உடம்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இதயம் ஒரு நீல ஃபைலில், கிட்னி ஒரு பிளாஸ்டிக் கவரில், சர்க்கரை ஒரு பச்சை நோட்டில், முழங்கால் இரண்டு எக்ஸ்ரே உறைகளில். கண்ணுக்கு மட்டும் எதுவும் இல்லை. அது ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கும்பகோணம். இதய டாக்டர் திருச்சியில். கிட்னி டாக்டர் தஞ்சாவூரில். சர்க்கரை டாக்டரும் தஞ்சாவூர்தான், ஆனால் ஊரின் இன்னொரு மூலை. எங்கே போனாலும் பை முழுசாகக் கூடவே வரும். ஆனால் டாக்டர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் அப்பா அந்த டாக்டருக்கு உரிய ஃபைலை மட்டும் உருவிக்கொண்டு, பையை என் கையில் கொடுத்துவிடுவார். "மத்ததைக் காட்டினா, அப்ப அவர்கிட்டயே போங்கன்னு சொல்லிடுவார்ம்மா" என்பார். 33 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்த மேசைக்கு எந்த ஃபைல் போக வேண்டும் என்பதில் அவருக்கு உறுதியான கருத்து உண்டு.

இந்த டாக்டர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓட்டு வீடு, திண்ணைதான் வெயிட்டிங் ஹால். சாயங்காலம் 6 மணிக்கு உட்கார்ந்தால் 9 வரைக்கும். எம்.பி.பி.எஸ். மட்டும். ஊரில் அதை "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று சேர்த்தே சொல்வார்கள், அந்த 'வெறும்' பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் மாதிரி. எனக்கு 43 வயதாகிறது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். 2001-இல் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சளிக்கு மருந்து வாங்கப் போன அப்பாவிடம், "பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டாராம்.

இருபது வருடம் எல்லாம் ஒரே திண்ணையில் ஓடியது. 2022 ஜூலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாகப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிர் பிழைத்து வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி 4 பக்கம், மாத்திரை 8 வகை. "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்கள். எங்கள் குடும்ப டாக்டருக்கு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரைகளை இரண்டு டப்பாவாகப் பிரித்தாள். ஒன்று ஹார்ட் மாத்திரை, இன்னொன்று பழைய பிரஷர், சர்க்கரை மாத்திரை. புதிதாக வந்த எதுவும் பழைய எதையும் நிறுத்தச் சொல்லவில்லையே, அதனால் இரண்டும் தொடர்ந்தன. மூன்றாவது வாரம் அப்பா பூஜை அறையில் கீழே உட்கார்ந்து எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். மயக்கம் என்றால் காதுக்கோளாறாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் ஒரு மாத்திரை எழுதினார். ஆக, புதிதாக வந்தது மட்டும் ஒன்பது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, மெடிக்கல்காரர். எல்லாச் சீட்டுகளும் வந்து சேரும் ஒரே இடம் அவருடைய கல்லாமேசைதானே. இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அக்கா, பேருதான் வேற. ரெண்டும் டெல்மிசார்டன். அய்யா ரெண்டையுமா போட்டுக்கிறாரு?" குடும்ப டாக்டர் பத்து வருடமாகக் கொடுத்துவந்த பிரஷர் மாத்திரையும், திருச்சியில் எழுதிய ஹார்ட் மாத்திரைகளில் ஒன்றும் ஒரே மருந்து. கம்பெனி வேறு, அட்டை நிறம் வேறு. அம்மாவின் கணக்கில் ஒன்று பிரஷருக்கு, மற்றது ஹார்ட்டுக்கு. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, இரண்டுக்குமே அது பயன்படுகிறது. அன்று எங்கள் டாக்டர் பிரஷர் பார்த்தபோது 90-க்கு 60. ஒன்றை நிறுத்தினார், மயக்கம் போய்விட்டது. காது டாக்டரின் மாத்திரை மட்டும் போகவில்லை. அதை நிறுத்தும் வேலை யாருடையது என்று யாருக்கும் தெரியாததால் அது பாட்டுக்கு ஒன்றரை வருடம் ஓடியது.

மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தால் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. எங்கள் பையில் இருக்கும் சீட்டுகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, 10 மாத்திரை அட்டையில் 6 மட்டும் வேண்டுமென்றால் கத்திரியால் வெட்டிக் கொடுப்பார்களே, பெயர் அச்சடித்த பக்கம் எப்போதும் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது பெயர் இல்லாத பாதி அட்டை. அம்மா அதை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள்: "ரோஸ் கலர் ராத்திரிக்கு."

அடுத்தது முழங்கால். 2023 கடைசியில் வலி அதிகமாகி எலும்பு டாக்டரிடம் போனார். வழக்கம்போல முழங்கால் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வலிக்கு அசிக்லோஃபினாக் எழுதினார்கள், 5 நாளைக்கு. வலி நன்றாகக் கேட்டதால் அப்பா அதே சீட்டைக் காட்டி வாங்கி வாங்கி 2 மாதம் போட்டுக்கொண்டார். கால் வீங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டும் கிரியாட்டினின், அதுவரை 1.6 இருந்தது, 2.4. அப்படித்தான் எங்கள் வாழ்க்கையில் கிட்னி டாக்டர் வந்தார். வலி மாத்திரையையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் நிறுத்தினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், இளநீரை நிறுத்தச் சொன்னார். அதில் பொட்டாசியம் அதிகமாம், பலவீனமான கிட்னிக்கு ஆகாதாம். அப்பாவுக்கு மற்றது எதுவும் வலிக்கவில்லை. தினமும் 11 மணிக்கு ஒரு இளநீர் என்பது அவருடைய பென்ஷன் வாழ்க்கையின் ஒரே ஆடம்பரம்.

வலி மாத்திரை எப்படிக் கிட்னியைக் கெடுக்கும் என்று அப்பாவுக்குப் புரியவே இல்லை. கிட்னி டாக்டருக்கு வெளியே 40 பேர் காத்திருந்தார்கள், விளக்க நேரமில்லை. எங்கள் டாக்டர்தான் திண்ணையில் வைத்துச் சொன்னார். "வாத்தியாரே, வயலுக்கு வர்ற மடை ஒண்ணு, போற மடை ஒண்ணு. இந்த வலி மாத்திரை வர்ற மடையை அடைக்குது. டெல்மிசார்டன் போற மடையைத் திறந்துவிடுது. ஹார்ட்டுக்குக் கொடுத்திருக்கிற நீர் மாத்திரை ஆத்துலயே தண்ணியைக் குறைக்குது. வயல்ல என்ன நிக்கும்?" அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. டெல்டாக்காரரிடம் இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லிவிட முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் அந்த மூன்று மருந்தில் எதுவும் தப்பில்லை. எழுதிய டாக்டர்கள் யாரும் கவனக்குறைவானவர்களும் இல்லை. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போவதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கிட்னி டாக்டர் மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார் என்றேன் இல்லையா? நாங்களும் நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்தோம். வீட்டில் 'மெட்ஃபார்மின்' என்று பெயர் போட்ட அட்டை எதுவும் இல்லை. இருந்தது கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை, கம்பெனி வைத்த வேறு பெயரில். பொடி எழுத்தில் பின்பக்கம் போட்டிருந்ததை அம்மாவின் கண்ணாடி எட்டவில்லை. சர்க்கரை டாக்டரிடம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் 6 வாரம் தள்ளி.

அந்த 6 வாரத்துக்கு நடுவில் ஒரு நாள் விடியற்காலை 4 மணி. பொங்கலுக்கு வந்தவள் இன்னும் சென்னைக்குத் திரும்பவில்லை, அதனால் நானும் வீட்டில் இருந்தேன். அம்மா கூப்பிட்ட குரலில் எழுந்து போனால், அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார். போட்டு, கழற்றி, மறுபடி போட்டு. பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. "பத்தாம் கிளாஸ் பேப்பர் கட்டு எங்க வச்சே?" என்று அம்மாவைக் கேட்கிறார். ஓய்வு பெற்று 13 வருடமாயிற்று. குளுக்கோமீட்டரில் 48. கிட்னி வேகம் குறைந்தால், சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு உடம்பில் தங்கிவிடும், முந்தின ராத்திரி அவர் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருந்தார். சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினோம். கால் மணி நேரம் கழித்து என்னைப் பார்த்து, "நீ எப்பம்மா எழுந்தே?" என்றார். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் சாயங்காலம் பையோடு திண்ணைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். எங்கள் டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "மாத்திரைப் பையைக் கொட்டுங்க, வாத்தியாரே" என்றார்.

அப்பா தயங்கினார். டாக்டரே பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். பி.பி. மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, அட்டைகளைச் சீட்டுக்கட்டு பிரிப்பதுபோல் பிரித்தார். டெல்மிசார்டன் ஒரு குவியல். கொலஸ்டிராலுக்கு இரண்டு, ஒன்றை இதய டாக்டரும் மற்றதைச் சர்க்கரை டாக்டரும் எழுதியது. வாயுவுக்கு இரண்டு. வைட்டமின் இரண்டு. காலாவதியான எதுவோ ஒன்று தனியாக. மயக்க மாத்திரையைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்றார். "மயக்கத்துக்கு." "மயக்கம் இருக்கா?" "இல்ல." "மாத்திரையாலதான் இல்லையா?" அப்பா சிரித்துவிட்டார். எண்ணினால் 16 வகை. முக்கால் மணி நேரத்தில் 5 போனது. கூட்டு மாத்திரைக்குப் பதிலாக, கிட்னி பலவீனமானவர்களுக்கும் அளவு குறைக்காமல் கொடுக்கக்கூடிய லினாக்ளிப்டினைப் போடலாமா என்று சர்க்கரை டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டார். அவர் 2 நிமிடத்தில் சரி என்றார். இரண்டு பேரும் ஒரே காலேஜாம், இவர் சீனியராம். இத்தனை வருடம் எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். அந்த ராத்திரி நான் எழுதி வைத்துக்கொண்டேன். "மூணு மாச சர்க்கரை சராசரி 7-க்குக் கீழ வரணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. 50 வயசுக்காரருக்கு அது சரி. உங்களுக்கு வயசு 71, ஸ்டென்ட் இருக்கு, கிட்னி பாதிதான் ஓடுது, ராத்திரி 48-க்கு இறங்குறீங்க. உங்களுக்கு ஏழரை, எட்டு இருந்தாப் போதும். சர்க்கரையை ஜெயிச்சு ஆளைத் தோக்கக் கூடாது." ஒவ்வொரு ஸ்பெஷலிஸ்டும் அவரவர் எண்ணைக் குறி வைத்து அடிக்கிறார்கள், அது அவர்கள் வேலை. அந்த எண்கள் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்ய, ஆளைத் தெரிந்த ஒருவர் வேண்டும். பெல்ட்டின் ஓட்டையைப் பார்த்தவர்.

அதற்காக அவரைத் தூக்கி வைத்துப் பேசப்போவதில்லை. அவர் மீதும் எனக்குக் குறை உண்டு. இருபது வருடத்தில் ஒருமுறைகூடச் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்று அவர் பார்க்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய, விலை மலிவான பரிசோதனை. கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே அது காட்டிக்கொடுக்கும். கேட்டதற்கு, "சர்க்கரை டாக்டர் பார்ப்பார்னு நினைச்சேன் பாப்பா" என்றார். சர்க்கரை டாக்டரின் பச்சை நோட்டிலோ, குடும்ப டாக்டரிடம் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. கண்ணும் அப்படித்தான். விழித்திரையை வருடா வருடம் பார்க்க வேண்டும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். நாலு டாக்டர், நாலு பேருக்கும் தெரியும், நாலு பேரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று விட்டிருக்கிறார்கள். அதனால்தான் பையில் கண்ணுக்கு ஃபைல் இல்லை. ஒரு டாக்டர் மட்டும் இருந்த வீட்டில் அவர் மறந்தால் மறந்ததுதான். நாலு டாக்டர் இருந்தால் மறதி நாலு மடங்கு குறையும் என்று நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அன்று கிளம்பும்போது, "செருப்பைக் கழட்டிட்டு இப்படி உட்காருங்க" என்று அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்தார். 68 வயது டாக்டர், முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு பேனா மாதிரி எடுத்தார், நுனியில் மீன் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை. "கண்ணை மூடிக்கங்க. தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க." இழை லேசாக வளையும் அளவுக்குப் பாதத்தில் வைத்து எடுத்தார். "ஆமா." குதிகாலுக்கு மேலே. "ஆமா." சுண்டுவிரல். கொஞ்சம் தாமதமாக, "ஆமா." கட்டைவிரலின் அடியில் வைத்தார். இழை வளைந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த தொடுகைக்காகப் பரீட்சை எழுதும் பையன் மாதிரி காத்திருந்தார். மறுபடி வைத்தார். இன்னொரு முறை. அப்பா காத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்பா வீட்டுக்குள்ளும் செருப்பு போடுகிறார், தினமும் ராத்திரி அம்மா டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கிறாள்.

அதற்கடுத்த வாரம்தான் கடிதம். எனக்குத் தெரிந்து எங்கள் டாக்டர் எழுதிய முதல் கடிதம், நான்தான் நச்சரித்து எழுத வைத்தேன். லெட்டர்பேடில் அரைப் பக்கம், இதய டாக்டருக்கு. முதலில் அப்பா இப்போது சாப்பிடும் 11 மருந்துகள், மூலப்பெயரோடு. பிறகு கிரியாட்டினின், பொட்டாசியம், பிரஷர். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: ஸ்டென்ட் வைத்து 19 மாதம் ஆகிவிட்டது, கிளோபிடோக்ரெலை நிறுத்தலாமா? கைகளில் நீலநீலமாக ரத்தக் கட்டு வருகிறது.

ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமலிருக்க இரண்டாவதாக கிளோபிடோக்ரெல் மாதிரி ஒரு மாத்திரை கொடுப்பார்கள், வழக்கமாக ஒரு வருடத்துக்கு. எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே 12 மாதம் என்றுதான் இருந்தது, மூன்றாம் பக்கத்தில். மெடிக்கலில் நாங்கள் காட்டியது முதல் பக்கத்தை. ஒரு வருடம் முடிந்த அன்று நிறுத்தச் சொல்லும் வேலை இதய டாக்டருடையது என்று எங்கள் டாக்டர் நினைத்தார். ஹார்ட் மாத்திரையில் 'வெறும் எம்.பி.பி.எஸ்.' கைவைக்கலாமா என்ற தயக்கமும் இருந்திருக்கும். இதய டாக்டரோ, நாங்கள் கடைசியாகப் போனது எப்போது என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை நீட்டும்போது எனக்குக் கை நடுங்கியது. கோபித்துக்கொள்வாரோ? திருச்சி டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இவர் யாரு, உங்க ஃபேமிலி டாக்டரா? இப்படி லிஸ்ட் கொண்டுவந்தா என் வேலை பாதி முடிஞ்சது" என்றார். கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினார். கிளோபிடோக்ரெல் நிறுத்தவும். ஆஸ்பிரின் ஆயுளுக்கும். டெல்மிசார்டன் தொடரட்டும், பொட்டாசியம் ஒரு மாதத்தில் அங்கேயே பார்க்கவும், 5.5-க்கு மேல் போனால் போன் செய்யவும். கீழே அவருடைய செல் நம்பர். 20 மாதமாக நாங்கள் கேட்கக் கூச்சப்பட்ட நம்பர் அது.

திரும்பி வரும்போது நான் நினைத்துக்கொண்டது இதுதான்: இவ்வளவு நாளும் அப்பா ஃபைல்களைப் பிரித்துப் பிரித்து ஒளித்தது, இல்லாத ஒரு கோபத்துக்குப் பயந்து. எல்லா டாக்டரும் இப்படி என்று சொல்லமாட்டேன். இன்னொருவர் சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதிக் குற்றம் நம்முடையது. சளிக்கு நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட், நெஞ்செரிச்சலுக்கு இதய ஸ்பெஷலிஸ்ட் என்று நேரே போய் நிற்பதை நாம் ஒரு வசதி என்று நினைக்கிறோம். குடும்ப மருத்துவம் என்பது தனியாக 3 வருடம் படிக்கும் ஒரு மேற்படிப்பு, வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. நம் வீடுகளில் அதைச் சொன்னால், "அதுக்கு எதுக்கு மேல படிக்கணும்?" என்பார்கள்.

இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸாக இருக்கும் அத்தை மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு. அங்கே ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிட்டு வந்தால் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டருக்குக் கடிதம் போயாக வேண்டும், பெரும்பாலும் நகல் நோயாளிக்கும் வரும். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி கண்காணிக்க வேண்டிய மருந்து என்றால், ஸ்பெஷலிஸ்ட் ஆரம்பித்து நிலைப்படுத்திக் கொடுப்பார். அதன்பிறகு மாத்திரை எழுதுவது யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது, எந்த எண் வந்தால் யாருக்குச் சொல்வது என்று இரண்டு பேரும் காகிதத்தில் ஒப்புக்கொள்வார்களாம். அங்கே உள்ள கஷ்டத்தையும் சொன்னாள்: அந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் நான் இன்று மாலையே திருச்சியில் ஒருவரைப் பார்த்துவிடுவேன், அதில் நமக்கு மிச்சம்.

காகிதம் இல்லாமலே நம் ஊரிலும் அது நடக்கிறது, மனிதர்கள் சரியாக அமைந்தால். என் சித்திக்கு மூட்டுவாதம். அவளுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்தான், வாரத்துக்கு ஒரே நாள். தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மன்னார்குடியில் அவளுடைய குடும்ப டாக்டர் அதற்கு 'ஞாயித்துக்கிழமை மாத்திரை' என்று பெயர் வைத்து, சித்தி வீட்டுக் காலண்டரில் ஞாயிறுகளை மட்டும் வட்டம் போட வைத்தார். மூட்டு டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். நடுவில் ரத்த அணுக்களும் ஈரலும் பார்ப்பது மன்னார்குடியில். ஒருமுறை சித்திக்கு நீர்க்கடுப்பு. வேறு ஒரு கிளினிக்கில் எழுதிய கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் கொண்டுவந்து காட்டியபோது அந்த டாக்டர் மேசையிலிருந்து எழுந்தே விட்டாராம். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். சித்திக்கு அதெல்லாம் தெரியாது, "எது கொடுத்தாலும் அவர்கிட்ட காட்டிட்டுத்தான் போடுவேன்" என்பது மட்டும் தெரியும். இப்படி எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்ட ஒரு கதவு இருப்பது பெரிய விஷயம்.

2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி என்றது. இவர்கள் எல்லோரையும் ஸ்பெஷலிஸ்டே பார்ப்பது என்பது நடக்கிற காரியமில்லை. அரசுக்கு இது நம்மைவிட முன்னாலேயே புரிந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிசியோதெரபியும் உண்டு, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பைகள்கூடக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்குத் தெருவிலேயே தன்னார்வலர் பெண் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு நோட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதுவதும் ஜி.எச்.சில் எழுதுவதும் அதே நோட்டில்தான். ஜி.எச்.சில் எழுதிய ஒரு மாத்திரை இங்கே இல்லை என்று இரண்டு முறை அலைந்தாள், அந்த அலைச்சல் உண்மை. ஆனாலும் அவள் நோட்டைப் புரட்டினால் 3 வருடம் வரிசையாக இருக்கிறது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் காரில் போய்வரும் எங்கள் பையில் அது இல்லை. அப்பாவுக்கு 14 இலக்கத்தில் ஒரு டிஜிட்டல் சுகாதார எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன். அதை இதுவரை கேட்ட டாக்டர் யாரும் இல்லை.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அப்பாவே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டது. மருந்து, எதற்கு, யார் ஆரம்பித்தது, யார் பார்ப்பது, எப்போது நிறுத்துவது. வாந்தி பேதி வந்தால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி: டெல்மிசார்டன், நீர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின். அந்த டாபாகிளிஃப்ளோசினுக்கு நேரே 'யார் ஆரம்பித்தது' கட்டத்தில் இதய டாக்டர் பெயர். சர்க்கரை டாக்டரும் கிட்னி டாக்டரும் அதைப் பார்த்து, "நானே எழுதணும்னு இருந்தேன்" என்றார்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கிட்னிக்கும் மூன்று பேருமே எழுதக்கூடிய மருந்து அது. தாள் மட்டும் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அது மூன்று நிறத்தில் இருந்திருக்கும்.

'யார் பார்ப்பது' கட்டத்தில் முக்கால்வாசி இடத்தில் எங்கள் டாக்டர் பெயர்தான். அதை அவர் கையால் எழுத வைத்தது அப்பா. "கையெழுத்து போட்டாதான் செல்லும்" என்றார். கண்ணுக்கு ஒரு வரி சேர்ந்திருக்கிறது, இடது கண்ணில் லேசான ஆரம்ப மாற்றம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் 1.8-இல் நிற்கிறது.

போன மாதம் திண்ணையில் டாக்டர் அந்தத் தாளை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார். அப்பாவின் கணக்கு வாத்தியார் கையெழுத்தில், மற்ற எல்லா வரியையும்போலவே நேர்த்தியாக: இளநீர். எதற்கு: மனசுக்கு. நிறுத்தியது: கிட்னி டாக்டர். யார் பார்ப்பது: காலி.

"பொட்டாசியம் எவ்வளவு இப்ப?" என்றார் டாக்டர்.

"4.9" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பேனாவைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினார். பக்கத்தில், 'இப்போதைக்கு இல்லை. தஞ்சாவூரைக் கேட்டுச் சொல்கிறேன்.' அப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எப்ப கேப்பீங்க?" என்றார்.